துவர்ப்பு ஒரு குறையல்ல

அன்புள்ள ஐயா,

அலுவலக வேலையாக இத்தாலியின் டுரின் போயிருந்தபோது, 2019ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த பரோலோ என்ற சிவப்பு ஒயின் ஒரு புட்டி வாங்கினேன். அன்றிரவே விடுதி அறையில் திறந்தேன். நிறம் வெளிறியிருந்தது. ஒரு வாய் குடித்ததும் பாக்கு மென்றதுபோல ஈறெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பாதிப் புட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஒயின் கெட்டுப்போனதா, எனக்குத்தான் ருசிக்கத் தெரியவில்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டுமில்லை. சீக்கிரம் திறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோ திராட்சையில் செய்வது. அதற்கு நிறம் குறைவு; டானின் என்ற துவர்ப்புப் பொருளும் புளிப்பும் ஏராளம். டானின் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. நாம் அறுசுவையில் ஒன்றாக வைத்திருக்கும் துவர்ப்புதான் அது. இருபது முப்பது வருடம் அந்த ஒயினைத் தாங்குவதும் அதுவே. சட்டப்படி 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்கலாம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அந்தக் கெடு தாண்டினாலும் அது இளசுதான். பரோலோ விளையும் ஊர்களில் செர்ராலுங்கா தால்பா மண்ணில் விளைந்தது என்றால் இன்னும் இறுக்கம். லா மோர்ரா பக்கத்தது கொஞ்சம் முன்னதாக இளகும்.

லா மோர்ராவில் ஒரு சின்ன உணவகத்தில் 2004ஆம் ஆண்டு விளைச்சலின் பரோலோ குடித்தேன். கோப்பையை வெள்ளை மேசைவிரிப்பின் மேல் சாய்த்தபோது நடுவில் மாதுளைச் சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். முதலில் காய்ந்த ரோஜா இதழின் மணம், அப்புறம் புதிதாகப் போட்ட தார்ச்சாலையின் வாசனை. துவர்ப்பு போய்விடவில்லை; ஆனால் மணலாக உரசாமல் மாவுபோல நைசாகியிருந்தது. ஒயினிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சி வந்தது, பிரசாத்தோ என்பார்கள். ஒரு துண்டு தின்றுவிட்டுக் குடித்தேன். டானின் இறைச்சியோடு ஒட்டிக்கொள்ள, வாய் பழுத்த செர்ரியின் சுவையால் நிறைந்தது. அந்தச் சுவையை இன்னும் மறக்கவில்லை.

சரி, காத்திருக்கப் பொறுமையில்லை என்றால் லாங்கே நெபியோலோ என்ற ஒயினை வாங்குங்கள். அதே திராட்சை, விலையும் குறைவு, சீக்கிரமே குடிக்கலாம். இளம் பரோலோதான் வேண்டுமென்றால் சாப்பிடுவதற்குச் சில மணி நேரம் முன்பே வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவையுங்கள். வெறும் வாயில் குடிக்காதீர்கள்.

எனக்கு வருத்தமெல்லாம் நீங்கள் விட்டுவந்த அந்தப் பாதிப் புட்டி பற்றித்தான். தக்கையை மூடி வைத்து மறுநாள் மாலை ஒரு வாய் குடித்திருந்தால், இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பீர்கள்.