பள்ளியில் ஒரு கணித மேதையைப் பற்றி 10 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எப்படித் தயாராவது?

பள்ளியில் கணக்கு எடுக்கிறவன் நான். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள், தேசிய கணித தினம் என்பதால் வருஷா வருஷம் அந்த வாரத்தில் பிள்ளைகளைப் பேச விடுவோம். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன ஆள் என்ற முறையில் சொல்கிறேன்: வாழ்க்கைக் கதையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் போட்ட கணக்கில் ஒன்றே ஒன்றை எடுத்து நீங்களே போட்டுக் காட்டுங்கள்.

வெறும் கதை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்திருக்கிறேன். ஜெர்மன் கணித மேதை காஸ் சின்ன வயதில் 1 முதல் 100 வரை நொடியில் கூட்டிய கதையை ஒரு பையன் நடித்தே காட்டினான், நல்ல கைதட்டல். (அந்த 100 என்ற எண்ணே பிற்பாடு சேர்ந்தது, காஸ் இறந்தபின் 1856-ல் வந்த வாழ்க்கை வரலாற்றில் அது இல்லை. சரி, அது வேறு விஷயம்.) கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்போ 99 வரைக்கும்னா?" என்றாள். பையன் முழித்தான், அவனுக்கு 5050 மட்டும்தான் மனப்பாடம். அவளே எழுந்துவந்து 1-ம் 99-ம் 100, 2-ம் 98-ம் 100 என்று 49 ஜோடி போட்டு, நடுவில் தனியாக நின்ற 50-ஐச் சேர்த்து, 4950 என்று எழுதிவிட்டுப் போனாள். அன்றைக்கு நன்றாகப் பேசியது யார் என்று கேட்டால் நான் அவளைத்தான் சொல்வேன்.

ராமானுஜனை எடுப்பதானால் தாராளமாக எடுங்கள், ஆனால் 1729 என்ற டாக்ஸி எண்ணைப் பற்றிய அந்தக் கதை மட்டும் வேண்டாம், உங்களுக்கு முன்னால் பேசுகிறவர்கள் அதைச் சொல்லி முடித்திருப்பார்கள். அதற்குப் பதில் நாலு புளியங்கொட்டை கொண்டுபோங்கள். மேஜையில் குவியல் குவியலாகப் பிரியுங்கள்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. மொத்தம் 5 வழி. 5 கொட்டைக்கு 7, 10-க்கு 42. 100-க்கு எத்தனை என்று வகுப்பில் கேளுங்கள், ஆயிரம், ரெண்டாயிரம் என்பார்கள். அப்புறம் 19,05,69,292 என்று பலகையில் மெதுவாக எழுதுங்கள். மேக்மஹோன் என்ற ஆங்கிலேயர் 200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வழி என்று கையாலேயே கணக்கிட்டுப் பட்டியல் போட்டிருந்தார். அதைப் பார்த்த ராமானுஜனுக்கு ஒன்று தட்டுப்பட்டது: 4, 9, 14, 19 ஆகிய எண்களுக்கு விடை 5, 30, 135, 490. 4-லோ 9-லோ முடிகிற எந்த எண்ணை எடுத்தாலும் விடை 5-ஆல் மீதியில்லாமல் வகுபடும்! 1919-ல் அதை நிரூபித்தும் வெளியிட்டார். நிரூபணம் உங்களுக்கு எட்டாது, எட்ட வேண்டியதும் இல்லை.

ஈரோடு, கும்பகோணம், கேம்பிரிட்ஜ், 32 வயதில் மரணம், இதெல்லாம் ஒரு ஸ்லைடு போதும்.

ஒன்று மட்டும், 9 கொட்டையின் 30 வழியையும் வகுப்பில் பிரித்துக்காட்டக் கிளம்பாதீர்கள், மணி அடித்துவிடும். ஆனால் வீட்டில் ஒருதடவை பிரித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். எனக்கு முதல் தடவை 28-தான் வந்தது.