கறுப்பாகத் தெரியும் 16-பிட் படம்: ஃபிஜியில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி: ஃப்ளூரசென்ஸ் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த 16-பிட் டிஃப் படங்கள் சாதாரண படம் பார்க்கும் செயலியில் வெறும் கறுப்பாகத் தெரிகின்றன. படங்களை ஆராயும் இலவச மென்பொருளான ஃபிஜியில் 'ஆட்டோ' அழுத்தினால் பளிச்சென்று வருகின்றன. ஆனால் மருந்து கொடுத்த செல்களும் கொடுக்காதவையும் ஒரே மாதிரி தெரிகின்றன. எதை நம்புவது?

பதில்: படத்தில் கோளாறு இல்லை. உங்கள் கேமரா 12-பிட் என்றால் அதன் உச்ச மதிப்பு 4095. 16-பிட் கோப்போ 65535 வரை இடம் வைத்திருக்கிறது. அந்த முழு அளவையும் திரையில் காட்டினால், உங்கள் மிகப் பிரகாசமான புள்ளிகூட திரையின் உச்சமான 255-க்கு 15 அளவில்தான் நிற்கும். கறுப்புதான் தெரியும்.

'ஆட்டோ' ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி காட்சி எல்லை போடுகிறது, அதாவது எந்த மதிப்பு கறுப்பு, எது முழுப் பிரகாசம் என்று தானே முடிவு செய்கிறது. மங்கலானதையும் பிரகாசமானதையும் ஒரே உயரத்துக்கு இழுத்துவிடுகிறது. தனிப் படத்தை நோட்டம் பார்க்க அது போதும், ஒப்பிட உதவாது.

ஒரே எக்ஸ்போஷரில் எடுத்த எல்லாப் படங்களையும் திறங்கள். அவற்றில் மிகப் பிரகாசமானதைத் தேர்ந்து 'ஹெச்' விசையால் ஹிஸ்டோகிராம் (எந்த மதிப்பில் எத்தனை பிக்சல்கள் என்ற வரைபடம்) பாருங்கள். பின்னணி 150 அருகில், செல்கள் 2400 வரை என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-சி அழுத்தி பிரகாசம்-கான்ட்ராஸ்ட் சாளரத்தைத் திறந்து, 'செட்' பொத்தானில் 150, 2500 என்று கொடுத்து, திறந்திருக்கும் மற்றப் படங்களுக்கும் பரப்பும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பல சேனல் (ஒவ்வொரு நிறச் சாயத்துக்கும் தனியாக எடுத்த படம்) இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியாக. இந்த எண்களைப் படவிளக்கத்திலும் எழுதிவிடுங்கள்.

இதுவரை மாறியது காட்சி மட்டுமே, பிக்சல் மதிப்புகள் அப்படியே இருக்கின்றன. 'அப்ளை' பொத்தானைத் தொடாதீர்கள். அது மதிப்புகளையே மாற்றி எழுதும். பலர் சறுக்கும் இன்னோர் இடம் 8-பிட்டாக மாற்றுவது. அப்போதைய காட்சி எல்லைதான் 0 முதல் 255 வரை விரியும். 2500-க்கு மேலிருந்தவை எல்லாம் 255 ஆகிவிடும், திரும்ப வராது. எனவே அளவீடுகளை மூல 16-பிட் கோப்பில் முடித்துவிட்டு, நகலை மட்டும் மாற்றுங்கள். காமா திருத்தம் (நடு அளவுப் பிரகாசங்களை ஏற்றுவது அல்லது இறக்குவது) நேர்விகிதமானதல்ல. செய்தால் சொல்லியாக வேண்டும்.

'ஹைலோ' வண்ண அட்டவணை போட்டால் காட்சி எல்லையின் உச்சத்தை எட்டியவை சிவப்பாகவும் அடியில் கிடப்பவை நீலமாகவும் தெரியும். செல்களுக்குள் சிவப்பு பரவினால் மேல் எல்லையை உயர்த்துங்கள். ஆனால் ஹிஸ்டோகிராமில் 4095-இலேயே ஒரு கோபுரம் நின்றால், நிரம்பியது கேமரா. அதை எந்தப் பொத்தானும் மீட்காது. எக்ஸ்போஷரைக் குறைத்து எல்லா மாதிரிகளையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.