கனடாவில் பிராம்ப்டன் வந்திருக்கிற காவேரிப்பட்டணத்துத் தங்கச்சிக்கு: கல்யாண வேலைக்கு என்ன படிக்கணும்?

"அக்கா, மாமாவோடு சேர்ந்து கிருஷ்ணகிரி, பர்கூர் மண்டபங்களில் கல்யாண கான்ட்ராக்ட் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் வேலையால் எனக்கு எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம் என்கிற ஓப்பன் வொர்க் பர்மிட் கிடைத்திருக்கிறது. இங்கே வெட்டிங் பிளானர் ஆக ஓராண்டு காலேஜ் படிப்பு கட்டாயமா? தம்பியையும் அதே படிப்புக்கு வரவழைக்கலாமா?" என்று கேட்டிருந்தாய்.

கட்டாயம் இல்லைம்மா. நாம் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கிடையாது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். நான் பாலக்கோட்டுக்காரி, பல வருஷமாக டொரன்டோ பக்கம் இதே வேலைதான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: நிறையக் கட்டணத்தைக் கொட்டி முழுநேரப் படிப்பில் உடனே சேராதே. இன்னொன்று, ஓப்பன் வொர்க் பர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பில் சேர முடியாது, அதற்கு ஸ்டடி பர்மிட் என்கிற படிப்பு அனுமதி தனியாக வாங்கணும். ஆறு மாதத்துக்குள் முடிகிற படிப்புக்கு அது தேவையில்லை. கனடா வெட்டிங் பிளானர்ஸ் இன்ஸ்டிடியூட் மாதிரி இடங்களில் குறுகிய பயிற்சி உண்டு. காலேஜ்களின் பகுதிநேரப் பிரிவிலும் தேடிப் பார்.

தம்பி விஷயத்தில் ரொம்ப கவனம். 2024 நவம்பர் 1 முதல் விதி மாறிவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்து, காலேஜில் டிப்ளமோ, சர்டிபிகேட் படித்தவர்களுக்கு, அரசு சொல்கிற துறைப் பட்டியலில் அந்தப் படிப்பு இருந்தால்தான் படித்த பிறகு வேலை செய்யும் அனுமதி கிடைக்கும். மருத்துவம், எலக்ட்ரீஷியன், பிளம்பர் மாதிரி கைத்தொழில், விவசாயம் போன்ற துறைகள் அதில் இருக்கின்றன, நிகழ்ச்சி மேலாண்மை இல்லை. ஏஜென்ட் சொல்வதை நம்பி ஊரில் நிலத்தை அடமானம் வைக்க விடாதே, குடிவரவுத் துறைத் தளத்தில் அந்தப் பட்டியலை நீயே திறந்து படி.

சரி, அப்புறம் எதைக் கற்றுக்கொள்ளணும்? பந்தி, சீர்வரிசை, மாப்பிள்ளை அழைப்பு, தாய்மாமன் கோபம் இதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஓராண்டு படித்தவளுக்கும் அது வராது. உனக்கு வராதது நேரமும் காகிதமும்தான். ஊரில் முதல் நாள் சாயந்திரமே மண்டபம் நம் கைக்கு வந்துவிடும், சமையல் மாஸ்டர் ராத்திரி முழுக்க அடுப்பு மூட்டுவார், ராயக்கோட்டையிலிருந்து பூ விடியற்காலை வந்து இறங்கும். இங்கே எட்டரை முகூர்த்தத்துக்கு ஆறு மணிக்குத்தான் ஹாலைத் திறந்துவிடுவார்கள் என்றால், மணவறை ஜோடிக்கிறவர், பூக்காரர், நாதஸ்வரம், கேமராக்காரர் எல்லாரும் அந்த ரெண்டரை மணி நேரத்துக்குள் வேலையை முடிக்கணும், யார் எந்தக் கதவு வழியாக எத்தனை மணிக்கு நுழைவது என்று கால் மணிக் கணக்கில் ஒரு தாளில் எழுதி எல்லார் கையிலும் ஒரு வாரம் முன்பே கொடுத்திருக்கணும். ஹோமம் வளர்க்க ஹால்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கணும், இல்லாவிட்டால் புகை பட்டு அலாரம் அடித்து, தாலி கட்டும் நேரத்தில் கூட்டத்தையே வெளியே நிறுத்திவிடுவார்கள். பல ஹால்கள் காப்பீட்டுச் சான்றும் கேட்கும்.

கல்யாணத்துக்கு முன்பே வாங்குகிற திருமண லைசென்ஸ் மாகாணத்துக்குள் 90 நாள்தான் செல்லும். மந்திரம் சொல்கிற ஐயர் கல்யாணம் நடத்திவைக்க அரசிடம் பதிவு செய்தவரா என்று முதல் சந்திப்பிலேயே கேள். திருமணச் சான்றிதழ் பிறகு தனியாக விண்ணப்பித்து வாங்குவது. இதைப் பெண் வீட்டாருக்கு நீதான் பொறுமையாகச் சொல்லணும், முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

சீசன் கணக்கையும் இப்போதே மனதில் வை. வெயில் காலத்தின் நடுவில் ஆடி வந்துவிடும், செப்டம்பர் நடுவில் புரட்டாசி. அதனால் நம் ஆட்கள் எல்லாரும் வைகாசி, ஆனி, ஆவணி சனி ஞாயிறுகளில் முட்டி மோதுவார்கள், அதே தேதிக்குப் பஞ்சாபிக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் ஒரு வருஷம் முன்பே ஹாலைப் பிடித்து வைத்திருப்பார்கள். நீ கிருஷ்ணகிரிக்காரி, தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்தே வளர்ந்திருப்பாய், அதை விடாதே, இங்கே தெலுங்குக் குடும்பங்கள் நிறைய. ஆடி மாதத்தில் கையில் வேலை இருக்கணும் என்றால் பஞ்சாபிக் கல்யாணங்களையும் பழகித்தான் ஆகணும்.

சொந்தமாகத் தொடங்குவது அப்புறம். உன் முழுப் பெயரில் செய்தால் பெயர்ப் பதிவு வேண்டாம், வேறு பெயர் வைத்தால் ஐந்து வருஷத்துக்கு 60 டாலர் கட்டி ஆன்லைனில் பதிவு செய்யலாம். தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டாலரைத் தாண்டினால் எச்எஸ்டி என்கிற விற்பனை வரிக்கு எண் வாங்கி 13 சதவீதம் வசூலித்துக் கட்டணும். சொந்தக்காரர், ஊர்க்காரர் யாராக இருந்தாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் முன்பணமும் வாங்கிய பிறகுதான் தேதியை ஒதுக்கு. ஊரில் மாமா வாய்ப்பேச்சிலேயே நடத்தியிருப்பார், இங்கே அது உதவாது.

இப்போதைக்கு ஸ்மார்ட் சர்வ் என்ற மது பரிமாறும் பயிற்சியை ஆன்லைனில் முடித்துவிடு. அந்தச் சான்று இருந்தால் பாங்க்வெட் ஹால்களில் வார இறுதி வேலை கேட்கலாம். அங்கே பரிமாறிக்கொண்டே ஹால் மேனேஜர் கையில் இருக்கிற நேரத்தாளைக் கவனி, ஒரு சீசன் போதும். நடுவில் ஏதாவது ஹால் ஒப்பந்தம் புரியாவிட்டால் தயங்காமல் எனக்கு அனுப்பு, உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.