தானாகச் சுருளும் குறைக்கடத்தி நானோகுழாய்களால் நிஜமாகவே பயன் உண்டா, இல்லை ஆய்வுக்கட்டுரையோடு சரியா?

பயன் இருக்குங்க. கேட்பதைப் பார்த்தால் எம்.எஸ்ஸி புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள், 'இதெல்லாம் இங்கே வேலைக்கு ஆகாது' என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. என்னிடமும் அதையேதான் சொன்னார்கள், அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இண்டியம் ஆர்சனைடு, காலியம் ஆர்சனைடு இரண்டும் குறைக்கடத்திப் படிகங்கள், முதலாவதில் அணு இடைவெளி இரண்டாவதைவிடச் சுமார் 7% அதிகம். அதனால் இண்டியம் கலந்த படலத்தைக் காலியம் ஆர்சனைடு படிகத்தின் மேல் வளர்த்தால், அது நெருக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காரும். அதற்கு மேல் வெறும் காலியம் ஆர்சனைடு ஒரு படலம், அடியில் கரைப்பதற்கென்றே போட்ட அலுமினியம் ஆர்சனைடு. அடிப்படலத்தை அமிலத்தில் கரைத்ததும், நெருக்கப்பட்டிருந்தது விரிய, மேலே உள்ளது விரிய மறுக்க, இரண்டும் சேர்ந்து குழாயாகச் சுருண்டுவிடும். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்கில் பிரின்ஸ் குழு 2000-லும், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஷ்மிட்டும் எபெர்லும் 2001-லும் இதை வெளியிட்டார்கள்.

எங்கப்பா கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். எம்.ஃபில் சேர்ந்த புதிதில் என்ன படிக்கிறாய் என்று கேட்டதற்கு, பெஞ்சில் கழற்றிக் கிடந்த ஓவர்லோடு ரிலேயைக் காட்டி, இதிலிருக்கும் பைமெட்டல் பட்டை, அதாவது இரண்டு உலோகத்தை ஒட்டிய பட்டை, வளைகிற கணக்குதான் என்றேன். "அது சூடானா வளையும், ஆறினா நேராயிரும். உன்றது?" என்றார். இது சூட்டால் வளைவதில்லை, வளர்க்கும்போதே உள்ளே விசை பூட்டப்படுகிறது, விடுபட்டதும் சுருண்டு அப்படியே நிற்கும் என்றேன். சரி, இதனால் என்ன ஆகும் என்றார்.

அப்போதுதான் இண்டக்டரைப் பற்றி, அதாவது மின்சுற்றில் ஆற்றலைக் காந்தப்புலமாகச் சேமிக்கும் காயிலைப் பற்றி, சொன்னேன். சிப்பில் காயிலைத் தட்டையாக வரைவதால் அது நிறைய இடத்தைத் தின்கிறது. 2012-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஷியூலிங் லீ குழு, சிலிக்கான் நைட்ரைடு படலத்தின் மேல் உலோகப் பட்டைகளைப் படியவைத்து, அடியில் இருந்த ஜெர்மானியத்தைக் கரைத்தது. படலம் உலோகத்தோடு சேர்ந்து சுருண்டு, சுற்றின் மேல் சுற்றாகக் காயில் ஆகிவிட்டது. அப்பா உடனே, "டர்ன் டபுளானா இண்டக்டன்ஸ் நாலு மடங்கு வரும், எடம் கூடாது, அது நல்லதுதான். ஆனா டர்னுக்கு டர்ன் இன்சுலேஷன் எங்க?" என்றார். அந்த நைட்ரைடு படலமே இன்சுலேஷன். வைவாவில் உட்கார்ந்திருந்த ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை இன்றும் பெருமையாகச் சொல்வேன்.

சிலிக்கான் நைட்ரைடு குறைக்கடத்தியே இல்லையே என்று யாராவது பின்னூட்டத்துக்கு வருவீர்கள். ஆமாம், அது மின்கடத்தாப் பொருள்தான், சுருளும் தத்துவம் ஒன்றே. கார்பன் நானோகுழாய் போதாதா என்பவர்களுக்கு: அதை வேண்டிய இடத்தில் வேண்டிய திசையில் நிறுத்துவதே பெரும்பாடு, இதிலோ எங்கே, எவ்வளவு நீளம் என்பதை, சிப்பில் வடிவம் வரையப் பயன்படும் லித்தோகிராபி முறையில் முன்கூட்டியே வரைந்துவிடலாம். குழாய்ச் சுவரிலேயே ஒளியைச் சுற்றவிட்டு லேசர் செய்கிறார்கள், உள்ளே திரவம் ஓடவிட்டு உணரியாக்குகிறார்கள். கடையில் வாங்கும் போனில் இது வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. படலத் தடிமன் கொஞ்சம் மாறினாலும் விட்டம் மாறிவிடும், அந்தச் சிக்கல் லேசானதல்ல.

சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆகவேண்டும். நான் படித்த கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருந்தது, கல்லூரியைச் சோதிக்கும் குழு வரும் நாளில்தான் அதன் உறையைக் கழற்றுவார்கள். சாயக்கழிவு நீரில் ஆராய்ச்சி செய்த திருப்பூர்ப் பையன் சாம்பிளை எடுத்துக்கொண்டு வெளியூரில் பணம் கட்டிப் படம் எடுத்து வந்தான், அதே கட்டடத்தில் மிஷின் சும்மா கிடந்தது. விவசாயம் பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிற வீட்டுக் காசு அது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

உங்களுக்கு என் யோசனை: படலம் வளர்க்க வசதியில்லை என்று தலைப்பை விடாதீர்கள். பைமெட்டலுக்குப் பொறியியல் அறிஞர் டிமோஷென்கோ 1925-ல் எழுதிய வளைவுக் கணக்கில் தொடங்கி, தடிமனுக்கு ஏற்ப விட்டம் எவ்வளவு வரும் என்று போட்டுப் பாருங்கள், என் எம்.ஃபில் முழுக்க அதுதான். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஐ.என்.யூ.பி. (இந்தியன் நானோஎலக்ட்ரானிக்ஸ் யூசர்ஸ் புரோகிராம்) திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள், பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி., பம்பாய் ஐ.ஐ.டி. ஆய்வகங்களை வெளிக் கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிடுவதற்கென்றே வந்த திட்டம் அது.