ஒரே வீட்டில் இரண்டு வளவு: இசை வழங்கியைக் காணாத கைத்தொலைபேசி

கேள்வி: என் தகப்பனார் கோவில் திருவிழாக்களில் பதிவு செய்த நாதஸ்வர, தவில் கச்சேரி ஒலிநாடாக்கள் நாற்பதுக்கு மேல் எங்களிடம் இருக்கின்றன. 1995 இடப்பெயர்வில் சைக்கிளில் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பெட்டி அது. சென்ற ஆண்டு மகன் அவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றி, பழைய மடிக்கணினியில் ஜெலிஃபின் மென்பொருளை நிறுவி, கைத்தொலைபேசியில் கேட்கும்படி செய்து தந்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். மடிக்கணினி விறாந்தையை ஒட்டிய அறையில், ரவுட்டரோடு கம்பியால் இணைந்திருக்கிறது. பின்னறைக்கு வைஃபை எட்டாததால் இரண்டு மாதத்துக்கு முன் இன்னொரு ரவுட்டர் வாங்கிக் கம்பி இழுத்துப் பூட்டினோம். அன்றிலிருந்து செயலி வழங்கியை, அதாவது பாட்டை அனுப்பும் அந்த மடிக்கணினியை, காணவில்லை என்கிறது. முன்பக்கம் வந்தால் சில வேளைகளில் பாடுகிறது. யூடியூப் எல்லா இடத்திலும் ஓடுகிறது. மடிக்கணினி பழையது, வலையமைப்பில் பூட்டும் சேமிப்புப் பெட்டி ஒன்று வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? ரொறன்ரோவில் இருக்கும் மகளும் இவற்றைக் கேட்க வழியுண்டா?
(ஒரு வாசகி, கொக்குவில்)

பதில்: வாங்க வேண்டாம். முன்பக்கம் வந்தால் பாடுகிறது என்கிறீர்களே, அதுவே போதும், மடிக்கணினியில் பழுதில்லை. யூடியூப் ஓடுவதால் இணைய இணைப்பிலும் பழுதில்லை. இரண்டாவது ரவுட்டரைப் பூட்டிய விதத்தில்தான் சிக்கல் என்பது ஏறக்குறைய உறுதி.

செயலியைத் திறந்ததும் அது வலையமைப்பு முழுவதற்கும் ஒரு குரல் கொடுக்கிறது: ‘இங்கே ஜெலிஃபின் வழங்கி இருக்கிறதா?’ யூடிபி 7359 என்ற போர்ட்டில் (கணினிக்குள் ஒரு வாசலின் எண்) போகும் அந்தக் குரலுக்கு வழங்கி தன் முகவரியைச் சொல்லிப் பதில் தருகிறது. முற்றத்தில் நின்று கூப்பிடுவது போன்றது இது. வளவுக்குள் இருப்பவருக்கே கேட்கும். ரவுட்டர் ஒரு வேலி. பொதுவாகக் கூப்பிடும் குரலை அது அப்பால் விடுவதில்லை. முதல் ரவுட்டரிலிருந்து வந்த கம்பியை இரண்டாவதன் ‘வான்’ போர்ட்டில் (இணையக் கம்பிக்கான துளை) செருகினால், உங்கள் பின்னறை தனி வளவாகிவிடும். கம்பியைச் செருகியவர் அப்படித்தான் செய்திருப்பார். இணையம் வரும், ஆனால் கூப்பிடு குரல் வேலியோடு நின்றுவிடும்.

இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். கைத்தொலைபேசியின் வைஃபை அமைப்பில், இணைந்திருக்கும் வலையமைப்பின் பெயரைத் தொட்டால் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அந்தச் சாதனத்துக்குரிய எண், தெரியும். முன்பக்கத்தில் 192.168.1.35 என்றும் பின்னறையில் 192.168.0.102 என்றும் இருந்தால், மூன்றாவது எண் மாறியிருக்கிறது அல்லவா, அதுதான் வேலி.

இன்று மாலையே கேட்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. பின்வளவிலிருந்து படலையைத் திறந்து முன்வளவுக்குப் போகலாம், முகவரி மட்டும் தெரிந்திருக்க வேண்டும். மடிக்கணினியின் முகவரி 192.168.1.20 என்றால், செயலியில் வழங்கியைச் சேர்க்கும் இடத்தில் 192.168.1.20:8096 என்று நீங்களே எழுதுங்கள் (8096 ஜெலிஃபினின் வாசல் எண்). பின்னறையிலும் பாடும். மடிக்கணினி பின்னறை ரவுட்டரில் பூட்டியிருந்து நீங்கள் முன்பக்கத்தில் நின்றால் இந்த வழி பலிக்காது, ஏனெனில் அந்தப் படலை உள்ளிருந்து மட்டுமே திறக்கும்.

நிரந்தரமான தீர்வு, இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் ‘அக்சஸ் பொயின்ட்’ என்ற முறையைத் தெரிவுசெய்வது. வேலி போய் வெறும் வைஃபை மட்டும் மிஞ்சும். அந்த முறை இல்லாத ரவுட்டர் என்றால் வரிசை தவறாமல் செய்யுங்கள்: முதலில் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல, வேறு எந்தச் சாதனத்துக்கும் கொடுபடாத ஒன்றாக மாற்றுங்கள். பிறகு அதில், சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை நிறுத்துங்கள். கடைசியாகக் கம்பியை ‘வான்’ போர்ட்டிலிருந்து எடுத்து, வீட்டுச் சாதனங்களுக்கான ‘லான்’ போர்ட் ஒன்றில் செருகுங்கள். புதிய முகவரியை ரவுட்டரின் அடியில் ஒட்டி வையுங்கள், பிறகு தேடும்போது உதவும்.

பழைய வீட்டின் தடித்த சுவர்கள் வைஃபையைத் தேய்த்துவிடும். இரண்டாவது ரவுட்டர் வாங்கியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் இப்படியும் பூட்டலாம் என்று விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பழுது எங்கே என்று பாராமல் அடுத்த பெட்டியைக் காட்டுவது எனக்குக் கோபம் தருகிறது. அந்தப் பெட்டியைப் பின்னறையில் வைத்தால் முன்பக்கத்துக்குப் பாடாது, அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இதன் பிறகும் காணவில்லை என்றால் சில சிறிய காரணங்களைப் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் இணைந்தால் சாதனங்கள் ஒன்றையொன்று காணாது. ஐபோனில் 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்ளூர் வலையமைப்பைப் பார்க்கச் செயலிக்குத் தனி அனுமதி வேண்டும். முதல் நாள் தவறுதலாக மறுத்திருந்தால் அமைப்பில் போய்த் திருத்தலாம். மடிக்கணினி விண்டோஸ் என்றால் வலையமைப்பு வகை ‘பிரைவேட்’ என்றிருக்கட்டும், தூங்கிப்போகும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். மின்வெட்டுக்குப் பின் மடிக்கணினியின் முகவரி மாறக்கூடும் என்பதால் முதல் ரவுட்டரில் அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பது நல்லது.

சேமிப்புப் பெட்டிக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு பகுதிக்கு வெளி வன்தட்டு ஒன்று வாங்குங்கள். பிரதி எடுத்து, அதைக் கொழும்பில் மகனிடம் கொடுத்துவையுங்கள். உங்கள் முழுத் தொகுப்பும் இப்போது ஒரு பழைய மடிக்கணினியின் வட்டில் இருக்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் காலத்து வாசிப்பில் எவ்வளவோ இப்படி வீட்டுப் பெட்டிகளில்தான் தப்பியிருக்க முடியும். மாற்றி முடிந்தது என்று நாடாக்களையும் எறிந்துவிடாதீர்கள்.

மகளுக்காக ரவுட்டரில் 8096 போர்ட்டை வெளியுலகுக்குத் திறந்துவிடும்படி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். வீதியில் போகும் எவரும் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். தூரத்துச் சாதனங்களை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற செயலியை மடிக்கணினியிலும் மகளின் கைத்தொலைபேசியிலும் நிறுவி, ஒரே கணக்கில் இணைத்தால் போதும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அது இலவசம். ஜெலிஃபின் செயலியில் அவர் எழுத வேண்டியது, மடிக்கணினிக்கு டெயில்ஸ்கேல் தரும் 100 என்று தொடங்கும் முகவரியும் அதே 8096உம்.