கூறைச்சேலையில் தைத்த மண்மூட்டை

தங்கச்சி, ரொறன்ரோவுக்குப் படிக்க வந்து ஏழு மாதம், யுத்தம் முடியும்போது யாழ்ப்பாணத்தில் சின்னப்பிள்ளை, வன்னியைக் கண்ணால் பார்க்காத நான் இங்கிருந்து முள்ளிவாய்க்காலைப் படமாகக் கீறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீறுங்கள். ஆனால் நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள்.

2009 ஏப்ரல், மே மாதங்களில் பகலில் யூனிவர்சிட்டி அவெனியூவில் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு முன்னால் சனத்தோடு நிற்பேன், இரவில் இணையத்தில் வந்த படங்களைப் பார்த்துப் பார்த்துக் கீறுவேன். மே 10 சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தபோதும் வீட்டுக்கு வந்து விடியும்வரை கீறினேன். அழுகையும் கோபமும்தான், வேறு யோசனையே இல்லை.

பிறகு அவற்றை ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வைத்தபோது, முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பி வந்த ஒரு அக்கா, நான் சாக்கு மூட்டை அடுக்கிக் கீறிய பங்கர் (பதுங்குகுழி) படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டு, "சாக்கு எங்கை தம்பி எங்களிட்டை இருந்தது?" என்றார். சேலைகளை வெட்டிப் பை தைத்து மண் நிரப்பி அடுக்கினார்களாம், அவருடைய கூறைச்சேலையும் அதில் போனதாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகம் எரிந்தது. எத்தனை பிணங்கள் கீறியிருந்தேன், ஒரு சேலை கீறவில்லையே.

அதனால் போய்க் கேளுங்கள், அந்தச் சனம் இங்கேயே பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. முதல் நாளே கொப்பியும் பென்சிலும் எடுக்காதீர்கள், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாருங்கள். ஓவியர் சனாதனன் இடம்பெயர்ந்தவர்களையே இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறவைத்துத் தொகுத்திருக்கிறார், தேடிப் பாருங்கள்.

அப்புறம், ஊரில் உறவுகள் உள்ள யாருடைய முகத்தையும் பெயரையும் கேட்காமல் போடாதீர்கள். யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியையே 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தவர்கள். இங்கே நமக்குத் துணிச்சல் மலிவு, விசாரணைக்குப் போவது அங்கே இருக்கும் அம்மா.

காசு விஷயம்: கனடா கலை மன்றத்தின் நிதிக்குக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும், மாணவர் விசாவில் கிடைக்காது, பகுதிநேர வேலையை விட்டுவிடாதீர்கள். சில காட்சிக்கூடங்கள் பனை, இரத்தம், அழும் குழந்தை என்று கேட்கும். நானும் ஒருமுறை கொடுத்தேன், விற்றது, அந்தப் படத்தை இப்போது பார்க்கப் பிடிப்பதில்லை.

அந்த அக்காவோடு பேச விருப்பம் என்றால் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன். சனிக்கிழமை அவருக்கு வேலை, ஞாயிறு பின்னேரம்தான் சரிவரும்.