அந்த கிட்டார் பிக்கப்பை கழட்டலாமா?

அண்ணே வணக்கம். நான் இலங்கைல பண்டாரவளை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன். ஹட்டன்ல இருந்த எங்க மாமா சர்ச்ல வாசிச்ச பழைய கிட்டார் இப்ப என் கைக்கு வந்திருக்கு. கழுத்து முடியிற எடத்துல ஒரு பிக்கப் (கம்பியோட அதிர்வ ஆம்ப்புக்கு கரண்ட்டா மாத்திக் குடுக்குற காந்தம்), முகப்புல ரெண்டு குமிழ். வயர் போடாம வாசிச்சா சத்தம் அமுங்கி கேக்குது, ஆம்ப்ல போட்டா உம்ம்னு இரைச்சல். கடைக்காரர் பழச கழட்டிட்டு பியஸோன்னு வேற வகை பிக்கப் போட்ருவோம்ங்கிறார். போடலாமாண்ணே?

தம்பி, போடாதீங்க.

தலையில பேர் இல்ல, உள்ள லேபிளும் இல்லன்னு போட்டோவுலயே தெரியுது, அதனால அசலா காப்பியான்னு நான் பேச வரல. ஆனா அமைப்பு என்னவோ 1954ல அமெரிக்க கிட்டார் கம்பெனி கிப்சன் கொண்டுவந்த ஜே-160ஈ மாடலோட அமைப்புதான். அதுல மேல்பலகைய ப்ளைவுட்ல செஞ்சு, உள்ள தாங்குற குச்சிகள குறுக்கால ஒட்டிருப்பாங்க. ஏன்னா பேண்டோட நின்னு வாசிக்கிறப்ப ஸ்பீக்கர் சத்தம் திரும்பி வந்து பலகைல பட்டு ஃபீட்பேக் அடிச்சு கத்தும், பலகை நல்லா அதிர அதிர கத்தலும் கூடும், அதான் வேணும்னே அடக்கி வச்சாங்க. நீங்க குறைன்னு சொல்ற அமுங்கல் அவங்க யோசிச்சு செஞ்சது. 1962ல பீட்டில்ஸ் இசைக்குழுவோட லெனனும் ஹாரிசனும் ஆளுக்கொன்னு வாங்குனது இந்த மாடலத்தான். (இவ்வளவு அடக்கியும் 1964ல பீட்டில்ஸ் ஒரு பாட்டோட தொடக்கத்துல இத ஆம்ப் கிட்ட கொண்டுபோய் வேணும்னே கத்த விட்டாங்க, அது வேற கதை.)

பியஸோ பிரிட்ஜ்ல (கம்பிய கீழ தாங்குற கட்டைல) விழுற அதிர்வ புடிக்கும், உங்கள்ட்ட இருக்கிற மேக்னட் பிக்கப்புக்கு கம்பியில இருக்கிற இரும்பு, நிக்கல் மாதிரி காந்தம் இழுக்கிற உலோகம் மட்டும்தான் தெரியும். ரெண்டும் வேற வேற குரல். பியஸோ குரல்தான் வேணும்னா புதுசா வேற கிட்டார் வாங்குங்க, கடையில நெறைய கெடக்கு, இதுல போய் ஓட்ட போட வேணாம்.

இப்ப என்ன கம்பி போட்டிருக்கீங்க? ப்ரான்ஸா இருந்தா பாதி சிக்கல் அங்கதான். மேல சுத்துன ப்ரான்ஸ் மேக்னட்டுக்கு தெரியாது, உள்ள ஓடுற இரும்பு மட்டும்தான் தெரியும், அதனால சுத்துன நாலு கம்பியும் மெலிஞ்சு போய் சுத்தாத ரெண்டும் முன்னாடி வந்து நிக்கும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு போடுற நிக்கல் கம்பி ஒரு செட் மாட்டிப் பாருங்க.

இரைச்சல் ஒத்தக் காயில் (ஒரே ஒரு கம்பிச்சுருள்) பிக்கப்போட சுபாவம், சுத்தியிருக்கிற கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் துடிப்ப அப்படியே வாங்கிக்கும். நாக்காலிய கொஞ்சம் கொஞ்சமா திருப்பி உக்காந்து பாருங்க, ஒரு கோணத்துல பாதியா கொறையும். ஆனா கம்பியயும் மைக்கயும் ஒண்ணா தொட்டா சுருக்குன்னு அடிச்சா அது சுபாவம் இல்ல, உடனே ஆஃப் பண்ணிட்டு வயரிங்ல எர்த் இருக்கான்னு பாக்க சொல்லுங்க, தோட்டத்துல இருக்கிற பழைய லய வீடுகள்ல இத நம்பவே கூடாது.

இன்னொன்னு, நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். ஹட்டன்ல மழை கொட்டுற ஜூலை ஆகஸ்ட்ல உங்க ஊவா பக்கம் காஞ்ச காத்து, கொழுந்துக்கு நல்ல ருசி ஏறுற மாசம், மரத்துக்கு ஆகாது. ப்ளைவுட் அவ்வளவு லேசுல வெடிக்காது, கழுத்து அப்படியில்ல. கழுத்தோட ஓரத்துல உள்ளங்கைய மேலயும் கீழயும் ஓட்டிப் பாருங்க, ஃப்ரெட் (கழுத்துக்கு குறுக்கால பதிச்ச உலோகக் கம்பி) முனை சுரண்டுனா மரம் காஞ்சு சுருங்கியிருக்கு. அதப் பாத்து பதறி அரத்த எடுக்காதீங்க, மழை வந்தா தன்னால உள்ள போனாலும் போகும், அதுக்கப்பறமும் சுரண்டுனா தேச்சுக்கலாம்.